தர்மசத்திரமும் பணக்கொடையும்

2025 மே மாதத்தில், மூன்று நாள் இடைவெளியில், உச்ச நீதிமன்றத்தின் இரண்டு அமர்வுகளிலிருந்து இரண்டு வாக்கியங்கள் வந்தன. இரண்டும் விசாரணையின்போது வாய்மொழியாகச் சொல்லப்பட்டவை. ஒரு காலத்தின் மனோபாவம் எழுதிவைத்த தீர்ப்புகளைவிட இப்படி வாய்தவறாமல் வந்து விழும் வார்த்தைகளில்தான் வெளிப்படையாகத் தெரியும் என்பதால் அவற்றிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

16ஆம் தேதி வந்த வாக்கியம் ரோஹிங்யாக்கள் பற்றியது. தில்லியில் பிடிக்கப்பட்ட நாற்பதுக்கும் மேற்பட்டவர்களை அந்தமானுக்குக் கொண்டுபோய், கப்பலில் ஏற்றி, மியான்மர் கரைக்குச் சற்றுத் தொலைவில் கடலில் இறக்கிவிட்டார்கள் என்பது மனுதாரர் தரப்புக் குற்றச்சாட்டு. மியான்மருக்கான ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் இதை விசாரிக்கப்போவதாக அந்த வாரத்தில்தான் அறிவித்திருந்தார். நீதிமன்றம் ஆதாரம் கேட்டது. கேட்கட்டும், அது அதன் வேலை. கூடவே ஒரு இலக்கிய விமர்சனமும் செய்தது: இது மிக அழகாகப் புனையப்பட்ட கதை என்று.

19ஆம் தேதி வந்தது நமக்கு இன்னும் பக்கத்து விஷயம். சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தின் கீழ் தண்டனை பெற்று, அதை முடித்துவிட்ட ஓர் இலங்கைத் தமிழர், தன்னைத் திருப்பி அனுப்பினால் உயிருக்கு ஆபத்து என்று வந்திருந்தார். அவருக்குக் கிடைத்த பதில்: உலகத்து அகதிகளுக்கெல்லாம் இடம் கொடுக்க இந்தியா ஒரு தர்மசத்திரம் அல்ல, நாங்களே 140 கோடிப் பேர் திண்டாடிக்கொண்டிருக்கிறோம்.

தண்டனை பெற்றவருக்காக நான் பரிந்து பேச வருகிறேன் என்று யாரும் அவசரப்பட வேண்டாம். அந்த மனிதரின் வழக்கு என்னவோ ஆகட்டும். சொல்லப்பட்ட வாக்கியத்தில் அவருக்கென்று தனியாக எதுவும் இல்லை. அது 1983இல் கைக்குழந்தையோடு தனுஷ்கோடி மணலில் இறங்கியவளுக்கும் பொருந்தும். 2022இல் பால்மாவுக்கு வழியில்லாமல் மன்னாரிலிருந்து படகேறியவனுக்கும் பொருந்தும். என் சண்டை அந்த உருவகத்தோடு. ஒரு தேசத்தின் கொள்கை முழுவதும் அதற்குள் இருக்கிறது. நம்முடைய கவிதையும் அதற்குள்தான் இருக்கிறது என்பது என் குற்றச்சாட்டு. முதலில் கொள்கையைப் பார்ப்போம்.

*

சத்திரம் என்றால் என்ன என்று தமிழ்நாட்டில் யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. தஞ்சாவூரிலிருந்து ராமேஸ்வரம் போகும் பாதை நெடுக மராட்டிய மன்னர்கள் கட்டிவைத்த சத்திரங்கள் இருந்தன. ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரத்தின் கட்டிடத்தை இன்றும் பார்க்கலாம். இவற்றின் நிர்வாகம் தன் கையில் இருக்க வேண்டும் என்று 1801இல் இரண்டாம் சரபோஜி கம்பெனியின் ரெசிடெண்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். சத்திரத்தில் என்னென்ன நடக்கிறது என்று அதில் சொல்லிக்கொண்டுபோகிறார். எந்த ஜாதி வழிப்போக்கனாக இருந்தாலும் சோறு உண்டு. சமைத்ததைச் சாப்பிடாதவனுக்கு அரிசியும் சாமானும். நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவன் யாராவது இருக்கிறானா என்று கூப்பிட்டுக் கேட்பார்கள். நோயாளிக்கு வைத்தியம். வந்த இடத்தில் பிரசவிக்கும் பெண்ணுக்கு வேண்டியதெல்லாம். அனாதையாகிவிட்ட பரதேசிக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்ல வாத்தியார். செத்துப்போனவனுக்கு அவனவன் முறைப்படி ஈமக்கிரியை.

சத்திரத்துக்குப் பொற்காலம் பாட நான் வரவில்லை. பந்தியில் ஜாதி பார்க்காத சத்திரம் நம் ஊரில் ஏது? ராஜாவின் புண்ணியக் கணக்கில் வரவு வைக்கத்தான் அந்தச் சோறும். ஆனாலும் அதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சத்திரத்துக்கு நிலம் எழுதிவைக்கப்பட்டிருந்தது. இன்னாருக்கு இன்னது என்று விதி இருந்தது. அன்றைக்கு மணியக்காரனின் மனசு எப்படியிருந்தாலும் நள்ளிரவு மணி அடித்தாக வேண்டும். வந்தவன் கேட்டு வாங்கக்கூடிய ஏதோ ஒன்று அங்கே இருந்தது.

ஆகவே நீதிமன்றம் சொன்னது வாஸ்தவம்தான். இந்தியா தர்மசத்திரம் இல்லை. சத்திரத்துக்கு இருந்த விதிகூட இங்கே கிடையாது.

1951இன் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. 1967இன் துணை ஒப்பந்தத்திலும் இல்லை. அகதி யார் என்று சொல்லும் உள்நாட்டுச் சட்டம் ஒன்றும் இல்லை. 1946ஆம் வருஷத்து வெளிநாட்டினர் சட்டம் எண்பது வருஷம் அகதியையும் கள்ளத்தனமாக நுழைந்தவனையும் ஒரே சொல்லால் அழைத்துவந்தது. 2025 செப்டம்பரில் அதன் இடத்துக்குப் புதிய சட்டம் வந்தது. அதிலும் அகதிக்கு வரையறை இல்லை. நடப்பதெல்லாம் சுற்றறிக்கையால், அரசாணையால், மேலதிகாரியின் வாய்வார்த்தையால். சர்க்கார் மனம் இளகினால் கொட்டகை, இறுகினால் சிறை. இளகுவதற்கும் இறுகுவதற்கும் அகதி செய்த காரியத்துக்கும் சம்பந்தம் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. 1991 மேக்கு முன் இந்தக் கரையில் இறங்கியவர்களுக்கு இருந்த பள்ளி, கல்லூரிச் சேர்க்கை அதற்குப் பின் மறுக்கப்பட்டது. ஸ்ரீபெரும்புதூரில் நடந்ததற்கு மண்டபம் முகாமில் ஆறாம் வகுப்புப் படித்த குழந்தை பதில் சொல்ல வேண்டியிருந்தது. பிறகு இன்னொரு ஆட்சியில் கதவு திறந்தது. திறந்ததற்காக நன்றி சொல்லச் சொன்னார்கள்.

முகாமில் மாதாமாதம் கொடுக்கும் பணத்துக்கு அரசாங்கக் கோப்புகளில் இருக்கும் பெயரைக் கவனித்திருக்கிறீர்களா? பணக்கொடை. கொடை! பாரிக்கும் ஓரிக்கும் உரிய சொல். 2021இல் குடும்பத் தலைவருக்கான இந்தத் தொகையை 1000 ரூபாயிலிருந்து 1500 ஆக உயர்த்தினார்கள். அதே ஆகஸ்டில் முகாம்களின் பெயரையும் மாற்றினார்கள். 'இலங்கை அகதிகள் முகாம்' இனி 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்'. புது வீடுகளுக்கும் பணம் ஒதுக்கப்பட்டது; பத்துக்குப் பத்து அறையில் மூன்று தலைமுறை பார்த்தவர்களுக்கு அது பெரிய விஷயம், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பெயர் மாற்றத்தால் என்ன மாறியது? அப்போது நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் சுமார் 58 ஆயிரம் பேர் இருந்தார்கள். முகாமின் பெயரிலிருந்து அகதி என்ற சொல் போனது. அவர்கள் சட்டப்படி அதற்கு முன்பும் அகதிகளாக இருக்கவில்லை, பின்பும் குடிமக்களாக ஆகவில்லை. இல்லாத ஒன்றை எடுத்துவிட்டு, கொடுக்காத ஒன்றைக் கொடுத்ததாக ஒரு பாவனை.

இதற்குப் பக்கத்தில் இன்னொரு சொல்: சிறப்பு முகாம். 1990இல் வேலூர்க் கோட்டைக்குள் திப்பு மகாலில் ஆரம்பித்தது. இப்போது திருச்சியில், மத்திய சிறை வளாகத்துக்குள் இருக்கிறது. உள்ளே இருப்பவன் கைதி அல்ல. ஆகையால் அவனுக்குத் தண்டனைக் காலம் கிடையாது. ஆகையால் விடுதலைத் தேதியும் கிடையாது. சிறையைச் சிறை என்று சொல்லாததால் கிடைக்கும் நன்மைகள் இவை. தமிழில் இந்த ஐம்பது வருஷத்தில் உருவான மிகக் கச்சிதமான முரண்நகைகளில் ஒன்று ஏதோ ஒரு காரியாலயத்தில் தட்டச்சுப் பொறியில் பிறந்திருக்கிறது.

பிறகு தேதிகள். 2019இன் குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று நாடுகளையும் ஆறு மதங்களையும் சொல்கிறது. இலங்கை அந்த மூன்றில் இல்லை. 2025 செப்டம்பரில் வந்த விலக்கு ஆணையில் முதன்முறையாக நம் ஆட்கள் வருகிறார்கள்: 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள் மீது, கடவுச்சீட்டு இல்லை என்பதற்காக வழக்குப் போட மாட்டார்கள். அதே ஆணையில் அந்த மூன்று நாடுகளின் ஆறு மதத்தாருக்குக் கெடு 2024 டிசம்பர் 31. ஒரே தாளில் இரண்டு தேதிகள். 2022இல் இலங்கையின் பொருளாதாரம் நொறுங்கியபோது மணல்திட்டில் இறக்கிவிடப்பட்டு, கடலோரக் காவல் படையால் மீட்கப்பட்ட குடும்பங்கள் இதில் எந்தத் தேதிக்குள் வரும்? அவர்களில் முதலில் வந்தவர்கள் மீது வழக்குப் பதிந்து சிறைக்கு அனுப்பினார்கள். பிறகு மண்டபத்தில் சேர்த்தார்கள். சோறு கிடைத்தது. அகதி என்ற பதிவு கிடைக்கவில்லை.

மண்டபம் என்ற இடத்தின் சரித்திரத்தையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போன தமிழர்களைத் தடுத்துவைத்து, நோய் இருக்கிறதா என்று பரிசோதித்துக் கப்பலேற்றுவதற்காக இலங்கை அரசாங்கம் நடத்திய முகாம்தான் அது. முகாம்களில் கணிசமானவர்கள் மலையகத் தமிழர்கள். அந்தக் கூலிகளின் பேரன் பேத்திகள். போகும்போது பரிசோதித்த அதே இடத்தில், வரும்போது விசாரிக்கிறார்கள், வெளிநாட்டினர் என்று.

*

இனி அந்த 'அழகாகப் புனையப்பட்ட கதை.'

கரையில் இறங்கியவனிடம் எல்லையின் காவலர் கேட்பது ஒரு கதையைத்தான். எங்கிருந்து, எப்போது, யார் துரத்தினார்கள், ஏன் உன்னை மட்டும். உலகம் முழுக்க இதுதான் வழக்கம். கதை கோர்வையாக இருந்தால் யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். தடுமாறினால் பொய். அழுதால் நடிப்பு, அழாவிட்டால் அனுபவமே இல்லை. தேதி மாறிச் சொன்னால் முடிந்தது. ஒரு வாசகன் இவ்வளவு அதிகாரத்தோடு ஒரு பிரதியின் முன் உட்கார்வது இலக்கியத்தில் எங்கும் கிடையாது. இந்த வாசிப்பு முறையின் கோணலைச் சொல்லத் தகுதி உள்ளவர்கள் உண்டென்றால், அது உருவத்துக்கும் உண்மைக்கும் உள்ள உறவைப் பற்றிப் பக்கம் பக்கமாகச் சண்டை போட்ட இந்தச் சிறு வட்டம்தான். கச்சிதமான கதை பொய் என்றும் கச்சிதமில்லாத கதை கதையே இல்லை என்றும் ஒரே வாய் சொல்லும்போது அதற்குப் பெயர் விமர்சனம் அல்ல என்று யார் சொல்ல வேண்டும்? மே 16க்குப் பின் நம் பத்திரிகைகளைப் புரட்டினேன். புதுக்கவிதையில் படிமம் செத்துவிட்டதா என்ற சர்ச்சை நடந்துகொண்டிருந்தது.

அதே சமயத்தில் ஒருவர், அகதி வாழ்வு பற்றிய கவிதைத் தொகுப்பு ஒன்றுக்கு முன்னுரை கேட்டு எனக்கு ஒரு கட்டுக் காகிதம் அனுப்பியிருந்தார். முன்னுரை எழுத மறுத்தேன். கர்வம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாராம். காரணத்தை இங்கே சொல்லிவிடுகிறேன்.

அந்தக் கவிதைகளில் கடல் இருந்தது, படகு இருந்தது, நிலா நிறையவே இருந்தது. கரை ஒதுங்கிய செருப்பு இருந்தது. பெரும்பாலானவற்றில் கடைசி வரிக்குச் சற்று முன்னால் கவிஞர் தன்னைக் கண்டுகொள்கிறார்: நானும் ஒரு அகதி, என் வீட்டில் நானே அகதி, மொழிக்குள் அகதி, உன் கண்களிலிருந்து வெளியேற்றப்பட்ட அகதி. இந்த அகதிகளில் ஒருவரிடமும் ரேஷன் கார்டு இல்லாத குறை கிடையாது. ஒருவரும் வருவாய் ஆய்வாளர் தணிக்கைக்கு வரும் நாளில் கூலி வேலையை விட்டுவிட்டு முகாமில் வந்து நின்றதில்லை. அந்நியமாதல் என்று நாம் ஐரோப்பாவிலிருந்து கடன் வாங்கிய சரக்குக்கு இவ்வளவு காலத்துக்குப் பிறகு ஒரு தமிழ்ச் சட்டை கிடைத்திருக்கிறது. அது இன்னொருவன் உடம்பிலிருந்து கழற்றியது.

கதி இல்லாதவன் அகதி. கதி என்றால் போக்கு, வழி, புகல். பாஷை மிகத் தெளிவாக ஒரு நிலைமையைச் சொல்கிறது, மனநிலையைச் சொல்லவில்லை. அந்தச் சொல்லை நாம் மனநிலை ஆக்கினோம். சர்க்கார் அதைச் சட்டத்தில் சேர்க்க மறுத்தது, பிறகு பெயர்ப்பலகையிலிருந்தும் எடுத்தது. இரண்டு பக்கமும் சேர்ந்து அந்தச் சொல்லைக் காலி செய்தாயிற்று.

தன்னிரக்கம் ஒரு வகை என்றால், இரக்கம் இன்னொரு வகை. மேடைகளில் அதற்குத் 'தொப்புள்கொடி உறவு' என்று பெயர். எல்லாக் கட்சிக்கும் பொதுவான ஒரே சொத்து. தொப்புள்கொடியைக் கேட்டு வரும் அடைக்கலம் தொப்புள்கொடி இல்லாதவனை என்ன செய்யும்? சென்னைக்கு வெளியே கேளம்பாக்கத்தில் ஒரு புயல் பாதுகாப்புக் கட்டிடத்தில் வருஷக்கணக்காக ரோஹிங்யாக் குடும்பங்கள் வாழ்ந்தன. அவர்களுக்காக எந்த மேடையில் எந்தக் கொடி அசைந்தது? மூன்று நாடு, ஆறு மதம் என்று தில்லி போடும் பட்டியல் தப்பு என்று நாம் கோஷம் போடுகிறோம். ரத்தம் பார்த்து நாம் போடும் பட்டியல் அதே பட்டியலின் பிராந்தியப் பதிப்பு.

நம் பாஷையிலேயே இதற்கு மாற்று இருக்கிறது. மண்டபம் இருக்கும் அதே ராமநாதபுரம் மாவட்டத்தில் திருப்புல்லாணி இருக்கிறது. விபீஷணன் சரணடைந்த இடம் என்று ஐதீகம். கம்பனில் அது ஒரு தனிப் படலம். இலங்கையிலிருந்து கடலைத் தாண்டி ஒருவன் வருகிறான். யுத்த சமயம். எதிரியின் தம்பி. சேர்க்கலாமா என்று சபை கூடுகிறது. சுக்ரீவன் சொல்வதெல்லாம் இன்றைய உள்துறையின் குறிப்பில் அப்படியே வரலாம்: வேவு பார்க்க வந்திருப்பான், அண்ணனை விட்டவன் நம்மை விட மாட்டானா. அனுமன் வந்தவனைப் பற்றித் தான் கண்டதைச் சாட்சியாகச் சொல்கிறான். ராமன் முடிவு சொல்லும்போது வந்தவன் பரிதாபமானவன் என்று சொல்லவில்லை, நம்மவன் என்று சொல்லவில்லை. அடைக்கலம் என்று வந்தவனைக் காப்பது கடமை, அதனால் வெற்றி வந்தாலும் தோல்வி வந்தாலும் சரி என்கிறான். புறாவுக்காகத் தராசில் ஏறிய சிபியை முன்மாதிரியாகக் காட்டுகிறான். முன்மாதிரி காட்டுவது நியாயம் பேசுகிறவன் செய்யும் காரியம். கம்பராமாயணத்தை பக்திக்கும் பட்டிமன்றத்துக்கும் விட்டுக்கொடுத்துவிட்டதால் அதில் இப்படி ஒரு விசாரணை இருப்பது நமக்கு மறந்துபோயிற்று.

*

இரண்டு ஆட்சேபங்கள் வரும் என்று தெரியும்.

140 கோடிப் பேரின் சுமை என்பது ஒன்று. 1983க்குப் பின் நாற்பது வருஷங்களில் தமிழ்நாட்டுக்கு வந்தவர்கள், அரசே சொன்ன கணக்குப்படி, சுமார் மூன்று லட்சம் பேர். அதில் பெரும்பகுதி திரும்பியும் போயிற்று. இவர்களுக்கு ஒரு சட்டம் எழுதினால் மூழ்கிவிடும் தேசம், சட்டம் எழுதாமலேயே இவ்வளவு நாள் இவர்களை வைத்துக்கொண்டுதான் இருந்தது. சுமை ஆட்களால் வருவதில்லை. உரிமை என்று ஒரு சொல்லை எழுதிவிட்டால், பிறகு அதிகாரி தன் இஷ்டப்படி இளகவோ இறுகவோ முடியாது. அதுதான் அவர்களுக்குச் சுமை.

மற்றது நம் வட்டத்திலிருந்தே வரும்: இதெல்லாம் அரசியல், கலைஞனுக்கு இதில் என்ன, முற்போக்குக்காரர்களின் கோஷத்தை நீயும் ஆரம்பித்துவிட்டாயா. கோஷக் கவிதையை நான் என்றும் பொருட்படுத்தியதில்லை, இனியும் மாட்டேன். நான் கேட்பது அதற்கு நேர் எதிரானது. குறிப்பாக எழுது என்கிறேன். தொ. பத்திநாதனின் 'போரின் மறுபக்கம்' முகாமில் வாழ்ந்தவரே எழுதியது. அதில் நிலா அதிகம் இல்லை. முகாம் எப்படி நடக்கிறது என்பது இருக்கிறது. அதை நம் விமர்சகர்கள் சாட்சியம் என்று ஒரு மூலையில் வைத்துவிட்டு, படகுக் கவிதைகளை இலக்கியம் என்று நடுவில் வைக்கிறார்கள். தரம் பற்றிய நம் பிரக்ஞைக்கு இது ஒரு அளவுகோல்.

உரிமை என்பது வெறும் சொல்தானே என்பவர்களுக்கு ஒரு விஷயம். இந்திய மண்ணில் 1987 ஜூலை 1க்கு முன் பிறந்த யாரும், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் இந்தியக் குடிமக்கள் என்று சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது. அந்த வரியைப் பிடித்துக்கொண்டு நீதிமன்றம் போய், முகாமிலேயே பிறந்து அகதியாகவே வளர்ந்தவர் குடிமகனாக வெளியே வந்தது நடந்திருக்கிறது. இத்தனை வருஷத்து அனுதாபத்தால் நடக்காத காரியம் ஒரு தேதியால் நடந்தது. 1996இல் சக்மா அகதிகளை அருணாசலப் பிரதேசத்திலிருந்து பலவந்தமாக வெளியேற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தடுத்ததும் அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு குடிமகனுக்கு மட்டும் உரியதல்ல, எந்த மனிதனுக்கும் உரியது என்ற வாசகத்தை வைத்துத்தான். அதே நீதிமன்றம்தான் இப்போது சத்திரம் பற்றிப் பேசுகிறது. அன்றைக்கு யார் கையிலும் கருணை அதிகம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. கையில் ஒரு வாக்கியம் இருந்தது.

2015இல் சசி தரூர் மக்களவையில் புகலிடம் பற்றி ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். யார் அகதி, யார் விசாரிப்பது, மறுத்தால் எங்கே மேல்முறையீடு, எந்த நிலையிலும் யாரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று வரி வரியாகச் சொல்லும் முயற்சி. அது சட்டமாகவில்லை. தமிழில் நம் பத்திரிகைகள் எதிலும் அதைப் பற்றி ஒரு பக்கம் வந்து நான் பார்க்கவில்லை. போர்ஹேஸை மூன்று பேர் தனித்தனியாக மொழிபெயர்த்துக்கொண்டிருக்கும் நம் வட்டத்தில் அதைத் தமிழாக்க ஒருவர் கிடைக்காமலா போவார்? இந்தப் பத்திரிகையின் ஆசிரியருக்கு என் வேண்டுகோள்: அப்படி ஒரு மொழிபெயர்ப்பு வந்தால், அடுத்த இதழில் கவிதைக்கு ஒதுக்கிய பக்கங்களில் அதைப் போடுங்கள். கவிஞர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஒவ்வொரு சொல்லையும் இன்ன பொருளில்தான் சொல்கிறேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டுத் தொடங்கும் ஒரு பிரதியைப் படித்துப் பார்ப்பது அவர்களுக்கும் கெடுதல் இல்லை.